கொத்திலிருந்து கழற்றிய சாவி

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மத்தியானத் தூக்கம் நன்றாக வருகிறது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் சந்தில் மூன்று மணிக்கு ஒரு அமைதி உண்டு. கூரியர் பையன்கள் வந்து போயிருப்பார்கள், பள்ளிக்கூட வேன் இன்னும் வந்திருக்காது. அந்த நேரத்தில் ஒரே கனவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. நான் ஒரு காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எஞ்சின் அணைந்துவிட்டது. ஆனாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. சத்தம் என்பதே இல்லை. ஒரு பக்கம் பூக்கடைகளும் மறுபக்கம் குளமும் மெல்லப் பின்னால் நகர்கின்றன. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் பெண் திரும்பிப் பார்க்காமலே கேட்கிறார்: "இப்ப நம்புறீங்களா?"

விழித்துக்கொள்வேன். மனைவி காபி போடும் வாசனை வரும். பயமெல்லாம் இருக்காது. வெட்கமாகத்தான் இருக்கும்.

நான் சர்வீஸ் அட்வைசராக இருந்த கார் சர்வீஸ் சென்டரில் புதிதாக முன்மேசைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேனேஜர் கேட்டார். ஆயில் எப்போது மாற்றுவது, எஸ்டிமேட் எப்படிப் போடுவது என்பதையெல்லாம் கம்ப்யூட்டரே உங்களுக்குச் சொல்லித் தரும். அதனால் நான் இந்தக் கனவு எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன். கதை மாதிரிப் படியுங்கள், தப்பில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள். வாடிக்கையாளர் சாவிக்கொத்தை நீட்டினால் கார் சாவியை மட்டும் கழற்றி, நம்பர் எழுதிய மஞ்சள் அட்டையை அதில் மாட்ட வேண்டும். மிச்சக் கொத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்த மகானுபாவன் நான்தான். பல வருடங்களுக்கு முன் அடையாறிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், கொத்திலிருந்த பாங்க் லாக்கர் சாவியை நாங்கள் தொலைத்துவிட்டோம் என்று குதித்தார். இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பையே தலைகீழாகப் புரட்டினோம். சாவி அவர் வீட்டுப் பூஜை அலமாரியிலேயே கிடைத்தது. மன்னிப்பு மட்டும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கொத்து உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு போட்டேன். நாளடைவில் எனக்கு அதில் ஒரு கைநேர்த்தியே வந்துவிட்டது. பேசிக்கொண்டே, வளையத்தைப் பார்க்காமலே, ஒரே திருப்பில் கழற்றிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இன்னொரு பழக்கம் எனக்கு முன்பே இருந்தது. வாடிக்கையாளர் ஒரு குறை சொல்கிறார், நாம் ஓட்டிப் பார்க்கிறோம், ஒன்றும் தெரியவில்லை. வண்டிக்குச் செய்த வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் எதையாவது எழுதி முடிக்க வேண்டுமே. அதற்கென்றே ஒரு வாசகம் வைத்திருந்தோம்: 'கஸ்டமர் எஜுகேட்டட்'. வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டுகிறவருக்கு எடுத்துச் சொல்லிவிட்டோம் என்று அர்த்தம். அப்படி எழுதினால் கார் கம்பெனி கேள்வி கேட்காது, கார்டு மூடிவிடும், வண்டி கேட்டைத் தாண்டிவிடும். என் வாழ்நாளில் அதை எத்தனை முறை எழுதியிருப்பேனோ, எனக்கே தெரியாது.

இந்த இரண்டு பழக்கங்களுக்கும் நடுவில்தான் பர்வீன் வந்து மாட்டிக்கொண்டார்.

மீர்சாகிப்பேட்டைக்காரர். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் கல்யாண ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு சின்ன கார் வாங்கியிருந்தார். பொத்தானை அழுத்தினால் ஓடும் வகை இல்லை, சாவி போட்டுத் திருப்பும் வகை. ஒரு திங்கட்கிழமை காலை, என் மேஜையைச் சுற்றிக் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் முதல்முறை வந்தார்.

"சார், போய்க்கினு இருக்கும்போதே வண்டி அணைஞ்சிடுது."

"சிக்னல்ல நிக்கும்போதா மேடம்?"

"நிக்கும்போது இல்ல சார், ஓடும்போதே. சத்தமே இல்லாம போகும். முதல்ல எனக்குத் தெரியவே தெரியாது. ஏதோ கனவுல போற மாதிரி இருக்கும். அப்புறம்தான் ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடும், பிரேக்கும் இறுகிப்போயிடும். கொஞ்ச நேரம் வுட்டுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணா ஓடிடுது."

"கிளட்சை சரியா மிதிச்சிருக்க மாட்டீங்க" என்று சிரித்தேன். புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்டவர் என்று தெரிந்ததும் வருகிற சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே அவர் நீட்டிய கொத்தை வாங்கினேன். நல்ல கனம். கடை ஷட்டருக்கு இரண்டு நீளச் சாவிகள், வீட்டுச் சாவி, பீரோ சாவி, துணி வைக்கும் அலமாரிச் சாவிகள், கூடவே பித்தளையில் செய்த ஒரு குட்டிக் கத்தரிக்கோல். கார் சாவியை வழக்கம்போல் ஒரே திருப்பில் கழற்றி, மிச்சத்தைப் பத்திரமாக அவர் கையில் கொடுத்தேன். "பரவால்ல சார், நல்லா கவனமா இருக்கீங்க" என்று மெச்சினார்.

எங்கள் தலைமை மெக்கானிக் ஏழுமலை அந்த வண்டியை ஊரெல்லாம் ஓட்டிப் பார்த்தான். அணையவில்லை. கம்ப்யூட்டரை இணைத்துப் பார்த்தோம். ஒரு பிழையும் பதிவாகவில்லை. கஸ்டமர் எஜுகேட்டட்.

இரண்டாவது முறை, தி. நகர் மேம்பாலத்தில் இறங்கும்போது அணைந்தது என்று வந்தார். மூன்றாவது முறை லஸ் பக்கம், மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய ரோட்டில். அப்போது ஒரு வாரம் வண்டியை வைத்துக்கொண்டு பார்த்தோம். சமர்த்தாக ஓடியது. நான்காவது முறை வந்தபோது, "ஒரே ஒரு தடவை நீங்க என் கூட உக்காந்து வாங்க சார்" என்று கேட்டார். வரிசையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். "எங்க மேடம் நேரம்?" என்றேன். நான்கு முறையும் நான்தான் கொத்திலிருந்து சாவியைக் கழற்றினேன். நான்கு முறையும் நான்தான் அந்த வரியை எழுதினேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அவர் வரவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, போகப் போக உங்களுக்கும் தெரியும்.

பிறகு ஒருநாள் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"வண்டி எங்க மேடம்?"

"வண்டி வூட்ல இருக்குது. சாவி அவர்கிட்ட இருக்குது."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார். மணப்பெண்ணுடைய ரவிக்கைகளைக் கொடுக்க அடையாறுக்குப் போயிருக்கிறார். அடையாறு பாலத்தில் இறங்கும்போது வண்டி மறுபடியும் சத்தமில்லாமல் போயிருக்கிறது. பின்னால் ஒரு பஸ். டிரைவர் எழுந்து நின்று பிரேக் போட்டிருக்கிறார். ஒரு சாண் இடைவெளியில் பஸ் நின்றதாம். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இவருக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லியிருக்கிறார். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எழுத்தில் இருப்பதை நம்புகிற மனிதர். நான்கு ஜாப் கார்டுகளையும் கட்டில்மேல் வரிசையாக வைத்துப் படித்துப் பார்த்திருக்கிறார்.

"கம்பெனியே நாலு வாட்டி எழுதிக் குடுத்திருக்காங்க பர்வீன், வண்டில ஒண்ணும் இல்லன்னு. உனக்கு வேணாம்மா, விட்டுடுன்னார். திட்டல சார். அழுதுகினே கொத்துலேர்ந்து கார் சாவியைக் கழட்டித் தரச் சொல்லி வாங்கிக்கினார். அப்புறம் ஒரு மாசமா வூட்ல இருந்த ரெண்டாவது சாவியைப் போட்டு அவர்தான் ஓட்றார். ஒரு வாட்டிகூட அணையல. உங்க கைலயும் அணையல, அவர் கைலயும் அணையல. என் கைலதான் அணையுது. எனக்கே சந்தேகமாய்டுச்சு. தையல் மிஷின்ல உக்காந்தாகூட கால் நடுங்குது."

"வாரண்டி முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கும்மா. மறுபடி ஒரு கார்டு போடறேன்" என்றேன். எப்போது மேடம் போய் அம்மா வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"கார்டு வேணாம் சார். அந்த நாலு கார்டுலயும் இருக்கிற அந்த ஒரு வரியை எடுத்துடுங்க. போதும்."

"அது சிஸ்டத்துல ஏறிடுச்சும்மா. இனிமே எடுக்க முடியாது."

கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து என் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். அந்தச் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப ஒண்ணு சொல்லுங்க சார். நாலு வாட்டி எனக்குக் கத்துக் குடுத்ததா எழுதிக்கிறீங்களே, என்ன கத்துக் குடுத்தீங்க?"

முப்பது வருட வேலையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. மேஜைமேல் கிடந்த கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் அங்கேதான் கிடந்தது, ஆனால் அப்போது எனக்கு அது வெறும் சாவிக்கொத்தாகத்தான் தெரிந்தது. "ஞாயித்துக்கிழமை காலைல வாங்கம்மா. சாரையும் கூட்டிட்டு வாங்க. நான் கூட உக்காந்து வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை எனக்கு நடந்தது மாதிரியே இல்லை, எப்போதோ கண்டது மாதிரி இருக்கிறது. ஆறு மணி. மயிலாப்பூர் மாட வீதிகளில் வெயில் இன்னும் தரைக்கு இறங்கவில்லை. பூக்காரர்கள் ஈரச் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குளத்துத் தண்ணீர் அசையாமல் கோபுரத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டிருந்தது. பர்வீன் ஓட்ட, வாத்தியார் பக்கத்தில், நான் பின்சீட்டில். வாத்தியார் கொண்டுவந்த ஒற்றைச் சாவியைப் போட்டுத்தான் கிளம்பினோம். பர்வீன் ஓட்டியதைப் பார்த்தபோது எனக்கு முதல் அடி விழுந்தது. என்னைவிட நன்றாக ஓட்டினார். கியர் மாறுவதே தெரியவில்லை. ஒரு மாடு குறுக்கே வந்தபோது ஹாரன்கூட அடிக்காமல் அதற்கு வழி விட்டார்.

மூன்று சுற்று வந்தோம். வண்டி அணையவில்லை. வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த வெற்றி இல்லை. எங்கேயாவது நின்று தொலைக்காதா என்று அவரும் வேண்டிக்கொண்டிருந்தார் போலிருந்தது.

"ஒரு காபி சாப்பிட்டுப் போலாமா?" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஓரமாக நிறுத்தி இறங்கினோம். பர்வீன் வண்டியைப் பூட்டினார். பூட்டிய கையோடு, பேப்பர் கப்பை வாங்குவதற்கு முன், கார் சாவியைத் தன் கொத்தில் மாட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். இரண்டு வருடப் பழக்கம். அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. காபி குடித்தோம். திரும்ப வந்து உட்கார்ந்தோம். கிளம்பினோம்.

தெற்கு மாட வீதியில் ஒரு வேகத்தடை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. உலகத்தின் சத்தத்தை யாரோ கையால் மூடியது மாதிரி இருந்தது.

வண்டி போய்க்கொண்டிருந்தது. டயர் தார் ரோட்டில் உரசும் ஒலி மட்டும், அதுவும் எங்கோ கீழே. ஒரு காக்கையின் குரல் மிகப் பக்கத்தில் கேட்டது. பூக்கூடைகளும் படிக்கட்டுகளும் குளமும் எங்களைத் தொடாமல் நழுவிப் போயின. ஒரு நொடி, அது எவ்வளவு அழகாக இருந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. அடுத்த நொடி, பாலத்தில் பின்னால் வந்த அந்தப் பஸ் நினைவுக்கு வந்தது.

பர்வீனின் தோள்கள் இறுகின. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இழுத்து, வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த அமைதியில்தான் எனக்குக் கேட்டது. டிங், டிங் என்று ஒரு சின்ன ஒலி. இரண்டு சீட்டுக்கும் நடுவில் எட்டிப் பார்த்தேன். கொத்து ஆடிக்கொண்டிருந்தது. பித்தளைக் கத்தரிக்கோல் பிளாஸ்டிக்கில் மோதிக்கொண்டிருந்தது. சாவி ஒரு படி பின்னால் திரும்பி, அணைந்த நிலையில் நின்றது.

"சாவியைத் தொடாதீங்கம்மா" என்றேன்.

பர்வீன் திரும்பவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்: "இப்ப நம்புறீங்களா?"

என்னைக் கேட்டாரா, பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாத்தியார் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

சாவியைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய சுவிட்ச் தளர்ந்திருந்தது. கொத்தின் கனமும் ஒரு குலுக்கலும் சேர்ந்தால் சாவி தானே திரும்பிவிடும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை யாரோ வண்டியை அணைத்திருக்கிறார்கள், அதில் பிழை என்ன? அணைந்த பதற்றத்தில் இருப்பவர் சாவி எந்தப் படியில் நிற்கிறது என்றா பார்ப்பார்? வாத்தியார் ஓட்டியது ஒற்றைச் சாவியில். ஏழுமலை ஓட்டியது நான் மஞ்சள் அட்டை மாட்டிக் கொடுத்த ஒற்றைச் சாவியில். அந்தம்மா ஒவ்வொரு முறையும் குறையைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். நான் அதைக் கழற்றி, மரியாதையாக அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டியில் குறை இல்லை என்று எழுதினேன்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. திங்கட்கிழமை கம்பெனியின் வாரண்டி அதிகாரிக்கு போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார், சந்தோஷமும் பட்டார்.

"சூப்பர் சார், கண்டுபுடிச்சிட்டீங்க. சாவியில ஓவர் வெயிட். கூட எதையும் மாட்டக் கூடாதுன்னு மேனுவல்லயே இருக்கே. வாரண்டி வராது. கஸ்டமர் எஜுகேட்டட்னு போட்டு க்ளோஸ் பண்ணிடுங்க."

சிரிப்புதான் வந்தது. அதே வரி, ஐந்தாவது முறை. இந்தத் தடவை சொல்லிக் கொடுக்க ஒரு விஷயமும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. எங்கள் மேனேஜர் கண்ணாலேயே, சரி விடுங்களேன் என்றார். விட்டிருந்தால் பர்வீன் கொத்தில்லாமல் ஓட்டியிருப்பார், வண்டியும் அணைந்திருக்காது. ஆனால் தப்பு அவருடையதுதான் என்று ஐந்தாவது காகிதம் அந்த வீட்டுக்குள் போயிருக்கும்.

ஏழுமலைதான் வழி சொன்னான். "சார், கொத்து கனம்னு சொல்றாங்கோ. இதே கொத்த இதே மாடல்ல வேற வண்டில மாட்டிப் பாத்தா இன்னா? அதுவும் அணையணும்ல?"

பர்வீனிடம் கொத்தை ஒருநாள் இரவல் கேட்டேன். கடையை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, அவரே கொண்டுவந்து கொடுத்து, ரிசப்ஷன் நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். அன்று அதே மாடலில் ஆறு வண்டிகள் வந்தன. உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஏழுமலை ஒவ்வொன்றிலும் அந்தக் கொத்தை மாட்டி, எங்கள் கேட் முன்னால் இருக்கும் மேட்டில் பத்துப் பத்து முறை ஏற்றி இறக்கினான். ஐந்து வண்டிகள் அசரவில்லை. ஆறாவது வண்டி மேட்டைத் தாண்டி ஓசையில்லாமல் உள்ளே வந்து நின்றது.

"சார்! இதுவும் அணையுது சார்!" என்று ஏழுமலை கத்தினான். பர்வீன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அந்த ஆறாவது வண்டியின் பழைய கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஆழ்வார்பேட்டையில் இருக்கும் ஒரு பெண்மணியின் வண்டி. இரண்டு முறை, ஓடும்போது அணைகிறது என்று சொல்லியிருக்கிறார். இரண்டு முறையும் கஸ்டமர் எஜுகேட்டட். கீழே என் கையெழுத்து. பிறகு அந்த வாசகத்தை மட்டும் கொடுத்துக் கம்ப்யூட்டரில் தேடினேன். பட்டியல் நீண்டுகொண்டே போனது. பெயர்களைப் படிக்கப் படிக்கக் காது சூடானது. பாதிக்கு மேல் பெண்களின் பெயர்கள். ஆண்கள் சொன்னபோது நாங்கள் வண்டியைத் திறந்து பார்த்திருக்கிறோம்.

கம்பெனிக்கு நானே மெயில் எழுதினேன். அதே கனம், ஐந்து வண்டிகள் தாங்குகின்றன, இரண்டு தாங்கவில்லை, ஆகவே குறை கொத்தில் இல்லை, சுவிட்சில் என்றேன். கடைசியில் ஒன்று சேர்த்தேன். இந்தக் காரின் சாவியோடு வீட்டுச் சாவியை மாட்டினால் நடுரோட்டில் எஞ்சின் அணையும் என்று கம்பெனியின் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், பிரேம் போட்டு ரிசப்ஷனில் மாட்டிவிடுகிறேன். இரண்டு நாள் பதில் இல்லை. மேனேஜர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் இரண்டு வண்டிக்கும் வாரண்டியில் சம்மதம் வந்தது. பர்வீனின் வண்டிக்குப் புது சுவிட்ச் வந்து சேர்ந்தது ஒன்பதாவது நாள், வாரண்டி முடியும் அன்று.

வண்டியை எடுக்க இருவரும் வந்தார்கள். புது ஜாப் கார்டை நீட்டினேன். பர்வீன் அதை வாங்காமல் கேட்டார்: "அந்தப் பழைய வரி?"

"அதை அழிக்க முடியாதும்மா. ஆனா இதுல ஒண்ணு சேக்கலாம்."

பேனாவை எடுத்தேன். அச்சடித்த வரிகளுக்குக் கீழே கையால் எழுதினேன்: 'அட்வைசர் எஜுகேட்டட்'. கையெழுத்துப் போட்டு, சர்வீஸ் சென்டரின் ரப்பர் ஸ்டாம்பையும் அதன்மேல் குத்தினேன்.

வாத்தியார் வாங்கி, வாய்விட்டு இரண்டு முறை படித்தார். பிறகு, அன்று வாங்கி வைத்துக்கொண்ட கார் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். "கொத்தைக் குடு பர்வீன்" என்றார். வளையத்தைப் பிரிக்க அவருக்குத் தெரியவில்லை. நகம் வழுக்கியது. மறுபடி முயன்றார், நகம் உடைந்தது. நான் வாங்கியிருந்தால் ஒரு நொடி வேலை. கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பர்வீனும் உதவவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முயற்சியில் சாவி ஏறியது.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தலைக்குமேல் கூட்டம் நிற்கும், மேனேஜர் மணி பார்ப்பார், எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒருவர் ஒரே குறையை இரண்டாவது முறை சொன்னால், அவர் எப்படி வந்தாரோ அப்படியே வண்டியை ஓட்டிப் பாருங்கள். அவருடைய சாமான்களோடு, அவருடைய ரோட்டில், முடிந்தால் அவரையே ஓட்ட வைத்து. அந்த வரியை எழுதத்தான் வேண்டுமென்றால், என்ன கற்றுக் கொடுத்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத வராவிட்டால் பேனாவை மூடிவிடுங்கள்.

என் வேலையின் கடைசி வாரத்தில் பர்வீன் வழக்கமான சர்வீஸுக்கு வந்தார். கொத்தை மேஜைமேல் வைத்தார். பழக்கதோஷம், என் கை வளையத்துக்குப் போனது. அவர் தன் உள்ளங்கையால் கொத்தை மூடினார்.

"கழட்டாதீங்க சார். அப்படியே எடுத்துக்கினு போங்க."

"வீட்டுச் சாவி, கடைச் சாவி எல்லாம் இருக்கேம்மா."

"இருக்கட்டும் சார்."

அன்று ஏழுமலையைக் கூப்பிடவில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன். லஸ் தாண்டி, மாட வீதிகளைச் சுற்றி, குளத்தை ஒட்டி மெதுவாக ஓட்டினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவருடைய வீடும் கடையும் பீரோவும் என் முழங்காலில் வந்து மோதின. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.